கமிட்டியின் முடிவே இறுதியானது

பொங்கல் முடிந்து, அண்ணாமலையார் தென்பெண்ணையில் தீர்த்தவாரிக்கு வரும் ஆற்றுத் திருவிழா நெருங்கும்போது மணலூர்பேட்டையைச் சுற்றியுள்ள ஊர்களில் மின்கம்பம்தோறும் நோட்டீஸ் ஒட்டப்படும். மாபெரும் கிரிக்கெட் போட்டி. மாபெரும் மின்னொளி கபடிப் போட்டி. முதல் பரிசு வழங்குபவர், கோப்பை வழங்குபவர், பந்து உபயம், சாப்பாடு உபயம் என்று பெயர்கள் வரிசையாக இருக்கும். அடியில் விதிமுறைகள். எந்த ஊர் நோட்டீஸை எடுத்தாலும் கடைசி விதி ஒன்றுதான்: கமிட்டியின் முடிவே இறுதியானது.

தோழர்களே, இந்த மூன்று சொற்களைப் பற்றித்தான் உங்களோடு பேச வேண்டும். இதை வெறும் விளையாட்டு விதியாக நினைத்துக் கடந்துபோகிறோம். நம் கிராமங்களில் பல நூறு ஆண்டுகளாக நடைமுறையில் இருக்கும் அரசியல் சட்டம் இதுதான்.

யார் இந்தக் கமிட்டி? எம்.என். சீனிவாஸ் ஆதிக்கச் சாதி என்பதற்குச் சொன்ன இலக்கணத்தை வகுப்பறையில் படித்தோம்: எண்ணிக்கை, நிலம், அரசியல் பலம். அந்த மூன்றும் ஒரே மேடையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்க வேண்டுமானால் ஒரு கிராமத்து விளையாட்டுப் போட்டிக்குப் போங்கள். ஒருங்கிணைந்த விழுப்புரம் மாவட்டத்தில், 2011 கணக்கெடுப்பின்படி, நூற்றுக்கு 29 பேருக்கு மேல் பட்டியல் சாதியினர். கள்ளக்குறிச்சி அதிலிருந்து பிரிந்து 2019இல் தனி மாவட்டமானது. இத்தனை பேர் வாழும் மண்ணில், நாங்கள் இத்தனை வருடமாகப் பார்த்த கமிட்டி மேடைகளில் சேரியைச் சேர்ந்த ஒருவர் உட்கார்ந்திருந்து நாங்கள் பார்த்ததில்லை. இறுதிப் போட்டி அன்று பறையடிக்க மட்டும் சேரிக்கு ஆள் வரும்.

இரண்டு வருடத்துக்கு முன் நடந்ததைச் சொல்கிறோம். ஊர்ப் பெயர் வேண்டாம். படிக்கும் உங்களில் பாதிப் பேர் அதை உங்கள் ஊர் என்றே நினைப்பீர்கள்.

ஒரு கிரிக்கெட் போட்டி. ‘ஓர் ஊருக்கு ஓர் அணி மட்டும்’ என்று நோட்டீஸில் போட்டிருந்தார்கள். கேட்பதற்கு நியாயமான விதி. ஆனால் வருவாய்த் துறைக் கணக்கில் ஊரும் சேரியும் ஒரே பெயரில்தான் இருக்கின்றன. ஊர்ப் பையன்கள் அந்தப் பெயரில் முதலிலேயே பதிந்துவிட்டார்கள். சேரிப் பையன்கள் ஆளுக்கு ஐம்பது நூறு போட்டுச் சேர்த்த கட்டணத்தோடு போய் நின்றார்கள். முந்தின நாள்வரை கரும்பு வெட்டிய காசு அது. கமிட்டிக்காரர் கோபப்படவில்லை. சிரித்துக்கொண்டே சொன்னார்: “ஊருக்கு ஒரு டீம்தாம்பா. உங்கள்ல நல்லா போடுற ரெண்டு பேர அனுப்புங்க, நம்ம டீம்லயே சேத்துக்கலாம்.”

இரண்டு பேர் போனார்கள். அதில் ஒரு தம்பிதான் அந்த அணியின் முதல் ஓவரையும் கடைசி ஓவரையும் போட்டான். குடத்துத் தண்ணீர் எல்லோருக்கும் பொதுவாக இருந்தது. இவர்கள் இருவருக்கு மட்டும் பாட்டில். “உங்களுக்குத் தனியா வாங்கி வச்சிருக்கோம், எடுத்துக்கங்கப்பா.” மரியாதை மாதிரியே இருக்கும். கோப்பையை ஜெயித்தார்கள். டிராக்டரில் கோப்பையோடு ஊர்வலம். ஊர்த் தெருக்களைச் சுற்றி வந்த டிராக்டர் சேரிக்குத் திரும்பும் முனையில் நின்றது. இரண்டு பேரும் இறங்கி நடந்து வந்தார்கள். கோப்பை திரும்பிப் போனது.

யாரும் யாரையும் அடிக்கவில்லை. சாதிப் பெயர் சொல்லித் திட்டவில்லை. ஒரு புகார் மனுவில் எழுத வேண்டுமென்றால் எதை எழுதுவது? அந்தத் தம்பி எங்களிடம் கேட்டது ஒன்றுதான்: “எங்க கை வேணும், எங்க டீம் வேணாமா?”

நூற்றிருபது வருடத்துக்கு முன் பல்வங்கர் பாலு கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. புனேவில் வெள்ளைக்காரர்களின் கிரிக்கெட் மைதானத்தைப் பராமரிக்கும் வேலையில் இருந்தவர், வலையில் அவர்களுக்குப் பந்து போட்டுப் போட்டே இந்தியாவின் தலைசிறந்த இடதுகைச் சுழற்பந்து வீச்சாளர் ஆனார். வெள்ளையரை வெல்ல வேண்டும் என்பதற்காக இந்துக்களின் அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. ஆடுகளத்தில் அவர் தொட்ட பந்தை எல்லோரும் தொட்டார்கள். தேநீர் இடைவேளையில் அவருக்கு மட்டும் வெளியே, மண் குவளையில் தேநீர். 1911இல் இங்கிலாந்து போன இந்திய அணிக்காக 114 விக்கெட் எடுத்தார். கேப்டன் பதவி மட்டும் கடைசிவரை அவருக்குக் கிடைக்கவில்லை. அவருடைய தம்பி விட்டலுக்கு அது கிடைக்க 1923 வரை ஆனது. அன்று மண் குவளை, இன்று தண்ணீர் பாட்டில். இரண்டையும் குடித்த பிறகு தூக்கி எறிந்துவிடலாம் என்பதுதான் அவற்றின் சிறப்பு.

படிக்கட்டு இருக்கும் கோபுரம்

இங்கிலாந்துக் கால்பந்து என்றதும் நமக்கு மான்செஸ்டர், லிவர்பூல், ஆர்சனல் ஞாபகம் வரும். அந்தக் கோபுரத்தின் உச்சியை மட்டும்தான் தொலைக்காட்சி நமக்குக் காட்டுகிறது. மேலே பிரீமியர் லீக்கில் 20 அணிகள். அதற்குக் கீழே மூன்று படிகளில் 24 வீதம் 72 அணிகள். ஐந்தாவது படிக்குக் கீழே போகப் போக வட்டார லீக்குகள் விரிந்துகொண்டே போகின்றன. அங்கே ஆடுபவர்களில் பெரும்பாலோர் பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள். குழாய் ரிப்பேர் செய்பவர், தபால்காரர், பள்ளி ஆசிரியர், கட்டடத் தொழிலாளி. வாரத்தில் ஒன்றிரண்டு மாலை பயிற்சி, சனிக்கிழமை ஆட்டம், கைக்குச் சிறு தொகை. வேலையை விட்டுவிட்டு வா என்று அந்த லீக் யாரையும் கேட்பதில்லை.

முதலில் வந்தால் மேல் படிக்குப் போகலாம். கடைசியாக வந்தால் கீழே இறங்க வேண்டும். இதுதான் அங்கே அடிப்படை விதி. 2002இல் விம்பிள்டன் கிளப்பை வேறு நகரத்துக்குக் கொண்டுபோக அதன் முதலாளிகளுக்கு அனுமதி கிடைத்தது. ரசிகர்கள் சேர்ந்து புதிதாக ஓர் அணி தொடங்கினார்கள். பொதுப் பூங்காவில் ஆள் தேர்வு நடத்தி, வட்டார லீக்கின் கீழ்ப்படியிலிருந்து ஆரம்பித்தார்கள். ஒன்பது பருவத்தில் ஐந்து முறை மேல் படிக்கு ஏறி, 2011இல் தேசிய அளவிலான ஃபுட்பால் லீக்குக்குள் நுழைந்தார்கள். யாரும் அவர்களை ‘சேர்த்துக்கொள்ள’வில்லை. புள்ளிப் பட்டியல் அவர்களை ஏற்றியது.

ஆனால் இந்தப் படிக்கட்டு ஆதியிலிருந்தே இருந்ததில்லை. நாம் கவனிக்க வேண்டியது இதைத்தான். 1888இல் 12 கிளப்புகளோடு தொடங்கிய ஃபுட்பால் லீக்குக்குள் கீழேயிருந்து ஓர் அணி வர வேண்டுமென்றால், ஏற்கனவே உள்ளே இருக்கும் கிளப்புகள் ஓட்டுப் போட்டு அனுமதிக்க வேண்டும். கடைசி இடத்தில் வந்த பழைய அணியும் அதே ஓட்டெடுப்பில் நிற்கும். உள்ளே இருப்பவர்கள் யாருக்கு ஓட்டுப் போடுவார்கள்? நாளைக்கு நமக்கும் இதே நிலை வரலாம் என்று தெரிந்த பழைய கூட்டாளிக்குத்தான். கீழ் லீக்கில் வருடக்கணக்கில் ஜெயித்துக்கொண்டிருந்த அணிகள் வாசலிலேயே நின்றன. 1987இல்தான் அந்தக் கதவு திறந்தது. கீழ் லீக்கில் முதலில் வந்த ஸ்கார்பரோ யாரிடமும் ஓட்டுக் கேட்காமல் மேலே போனது. கடைசியில் வந்த லிங்கன் சிட்டி கீழே இறங்கியது. அதாவது, அங்கேயும் 99 வருடம் ‘கமிட்டியின் முடிவே இறுதியானது’ என்றுதான் இருந்தது. அதை மாற்றி ‘புள்ளிப் பட்டியலின் முடிவே இறுதியானது’ என்று எழுதினார்கள்.

நம் நாட்டிலும் இந்தச் சண்டை நடந்திருக்கிறது. 1898இல் தொடங்கிய கல்கத்தா கால்பந்து லீக்கின் முதல் பிரிவில் இரண்டு இந்திய அணிகளுக்கு மேல் இருக்கக் கூடாது என்று வெள்ளையர்கள் விதி வைத்திருந்தார்கள். எவ்வளவு ஜெயித்தாலும் மூன்றாவது இந்திய அணிக்கு இடமில்லை. அந்த விதியை எதிர்த்துப் போராடித்தான் 1925இல் ஈஸ்ட் பெங்கால் மேலே வந்தது. அதைத் தேசிய எழுச்சி என்று பாடப் புத்தகத் தொனியில் பேசுகிறோம். ‘ஓர் ஊருக்கு ஓர் அணி மட்டும்’ என்ற விதியை எதிர்த்தால் மட்டும், விளையாட்டில் சாதியைக் கொண்டுவருகிறான் என்கிறார்கள்.

அண்ணல் அம்பேத்கர் 1920இல் ‘மூக்நாயக்’ இதழைத் தொடங்கியபோதே, இந்தச் சமூகத்தைப் படிக்கட்டு இல்லாத பல மாடிக் கோபுரத்துக்கு ஒப்பிட்டார். எந்த மாடியில் பிறந்தாயோ அதே மாடியில் சாக வேண்டும். லீக் என்பது படிக்கட்டு வைத்த கோபுரம். சாதி ஏன் அதை வெறுக்கிறது என்பதை இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

ஆள் ஏறினால் தெரு ஏறுமா?

நம்மிடம்தான் எத்தனையோ லீக் இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கின்றன. தமிழ்நாடு பிரீமியர் லீக் 2016இல் வந்தது. ஏலத்தில் வாங்கிய எட்டு அணிகள். புரோ கபடி லீக் 2014இல் வந்தது. அதுவும் முதலாளிகள் வாங்கிய அணிகள். இந்தியன் சூப்பர் லீக் 2014இல் வந்தது. கீழ் லீக்கில் ஜெயித்த அணி மேலே வர 2023 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பேர்தான் லீக். முதல் இரண்டிலும் ஏறும் படி கிடையாது, இறங்கும் படியும் கிடையாது. பணம் கட்டியவன் உள்ளே. மணலூர்பேட்டை அணி நூறு வருடம் தொடர்ந்து ஜெயித்தாலும் தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் ஆட முடியாது. அந்த விதிப் புத்தகத்தில் அப்படியொரு வழியே இல்லை.

அங்கே போகக்கூடியது தனி ஆள் மட்டும். அந்தத் தனி ஆளைக் கொண்டாடுவதில் நாமும் குறை வைப்பதில்லை. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியக் கபடி அணி தங்கம் வென்றபோது, கண்ணகி நகர் கார்த்திகாவைப் பார்த்து நம் வீட்டுப் பிள்ளை என்று கண் கலங்கினோம். சென்னையின் நடுவிலிருந்து துரத்தப்பட்ட மக்களைக் கொண்டுபோய்ப் போட்ட இடம் கண்ணகி நகர். அங்கிருந்து ஒரு பெண் மேலே வந்தது பெரும் வெற்றிதான். அந்த வெற்றியைக் குறைத்துச் சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை.

ஆனால் ஆள் ஏறினால் தெரு ஏறிவிடுமா? 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் மகளிர் ஹாக்கி அணியில் வந்தனா கட்டாரியா ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் போட்டார். அரையிறுதியில் இந்தியா தோற்ற அன்று ஹரித்வார் பக்கத்திலுள்ள அவர் வீட்டு வாசலில் ஆதிக்கச் சாதி ஆட்கள் பட்டாசு வெடித்து, சாதிப் பெயர் சொல்லித் திட்டினார்கள். அணியில் தலித்துகள் அதிகம் இருப்பதால்தான் தோற்றதாம். ஒலிம்பிக் வரை போன பெண்ணின் தெரு இருந்த இடத்திலேயே இருந்தது. 2006 தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வென்ற புதுக்கோட்டை சாந்தியிடமிருந்து பாலினச் சோதனையைக் காரணம் காட்டிப் பதக்கத்தைப் பறித்தபோது, அவருக்குப் பின்னால் நிற்க ஓர் அணி இருந்ததா? கிளப் இருந்ததா? செங்கல் சூளைக் கூலியான ஒரு குடும்பம் மட்டும்தான் இருந்தது.

ஆட்டக்காரன் தனியாகப் போனால் அவனை வாங்கலாம், விற்கலாம், பாட்டில் கொடுத்து ஓரமாக உட்கார வைக்கலாம். அணியாகப் போனால் அதன் பெயரை ஒலிபெருக்கியில் சொல்லியே ஆக வேண்டும்.

பெயர் என்றதும் இன்னொன்று. ‘காலனி’ என்ற சொல் தீண்டாமையின் அடையாளமாகிவிட்டதால் அரசு ஆவணங்களிலிருந்து அது நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கிறோம். ஆனால் சேரி அணிக்கு இடம் கொடுக்கும் அரிதான போட்டிகளிலும் வர்ணனையாளர் இன்றைக்கும் மைக்கில் சொல்வது, “அடுத்து களமிறங்குவது காலனி அணி!” அவர்கள் நோட்டில் எழுதிக் கொடுத்த பெயர் வேறு.

நம் திடலில் வந்து ஆடட்டும்

இப்போது நாங்கள் சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறோம். ஒருநாள் கோப்பைப் போட்டிக்கும் லீக்குக்கும் உள்ள பெரிய வித்தியாசம் படிக்கட்டு மட்டும் இல்லை. லீக்கில் ஒவ்வோர் அணியும் மற்ற ஒவ்வோர் அணியோடும் இரண்டு முறை ஆட வேண்டும். ஒன்று அவர்கள் மைதானத்தில், ஒன்று நம் மைதானத்தில்.

நம் மைதானத்தில்.

ஊர் அணி சேரித் திடலுக்கு வர வேண்டும். வராவிட்டால் ஆட்டமும் புள்ளியும் நமக்கு. வந்தால் நம் தெரு வழியாக நடக்க வேண்டும், நம் வேப்ப மரத்தடியில் உட்கார வேண்டும், நம் குழாயில் தண்ணீர் குடிக்க வேண்டும். இங்கிலாந்தின் கீழ் லீக்குகளில் நல்ல வழக்கம் ஒன்று உண்டு. ஆட்டம் முடிந்ததும் வந்த அணிக்கு உள்ளூர் கிளப் தன் கூடத்தில் வைத்துச் சாப்பாடு போடும். வருடத்துக்கு ஒரு நாள் சுதந்திர தினத்தில் கோவிலில் அதிகாரிகளை உட்கார வைத்துச் சமபந்தி என்று போட்டோ எடுக்கிறோம். ஞாயிறுதோறும் சேரியில் ஒரு சமபந்தி நடக்கும் என்றால் அது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சேரிக்கு வர மறுக்கும் அணிக்கு ஒரு புள்ளியும் கிடையாது என்ற ஒற்றை விதி போதும். கமிட்டிக்காரர்கள் ஏன் எப்போதும் ஊர்த் திடலில் ஒருநாள் கோப்பை மட்டும் நடத்துகிறார்கள் என்பது அப்போது புரியும். கோப்பைப் போட்டியில் நாம்தான் எப்போதும் விருந்தாளி. அழைத்தால் போகலாம், துரத்தினால் திரும்பலாம். லீக்கில் பாதி ஆட்டத்துக்கு நாம்தான் வீட்டுக்காரர்.

எதிர்ப்பு வரும். வரட்டும், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

‘விளையாட்டில் சாதியைக் கொண்டுவராதீர்கள்’ என்பார்கள். 2025 மார்ச்சில் தூத்துக்குடி மாவட்டம் ஸ்ரீவைகுண்டம் பக்கம் தேர்வெழுதப் பேருந்தில் போன பிளஸ் ஒன் மாணவனை வழிமறித்து வெட்டினார்கள். கை விரல்கள் துண்டாயின. கபடிப் போட்டியில் அவன் அணி ஆதிக்கச் சாதி அணியைத் தோற்கடித்ததுதான் காரணம் என்று குடும்பத்தினர் சொன்னார்கள். சாதியைக் கொண்டுவந்தது யார்? பந்தைத் தொட்ட கையா, அந்தக் கையை வெட்டிய அரிவாளா?

‘இதனால்தான் சொல்கிறோம், சேர்ந்து ஆடினால் சண்டை வரும்’ என்பார்கள். இந்த வாதத்தில்தான் நம் பெற்றோரும் பயந்துபோகிறார்கள். அவர்களுடைய பயம் நியாயமானது; அதைக் கேலி செய்யாதீர்கள். ஆனால் திருவிழாவுக்குச் சண்டை வரும் என்று யாரும் திருவிழாவை நிறுத்துவதில்லை. போலீஸ் பந்தோபஸ்து போடுகிறார்கள். ஆட்டத்துக்கும் போடட்டும். கோப்பைப் போட்டியில் தோற்றவனுக்கு அடுத்த வருடம்வரை வாய்ப்பில்லை. அந்த வெறியோடு வீட்டுக்குப் போகிறான். லீக்கில் அடுத்த ஞாயிறே இன்னொரு ஆட்டம் இருக்கிறது. கை நீட்டினால் அணிக்குப் புள்ளி போகும் என்று தெரிந்தால், கை நீட்டுபவனை அவன் அணியே பிடித்து உட்கார வைக்கும்.

‘நாமே தனியாக நடத்திக்கொள்ளலாமே’ என்று நம் தோழர்களே சொல்வதுண்டு. ஏப்ரல் 14க்கு நம் தெருக்களில் போட்டி நடத்துகிறோம். அது நம் சுயமரியாதை; அது தொடர வேண்டும். ஆனால் அதில் நாம் நம்மோடு மட்டும்தான் ஆடுகிறோம். ஊருக்கு அதில் ஒரு கஷ்டமும் இல்லை. தனிக் குளம் வெட்டிக் கொடுக்கிறோம் என்று சொல்லியிருந்தால் மகாத் குளத்துக்கு 1927இல் பாபாசாகேப் போயிருக்க வேண்டாம். அவர் கேட்டது தண்ணீரை மட்டும் இல்லை, பொதுவை.

‘இங்கிலாந்தில் மட்டும் என்ன வாழ்கிறது?’ என்றும் கேட்பார்கள். உண்மைதான். 1889இலேயே தொழில்முறை ஆட்டக்காரரான முதல் கறுப்பர் ஆர்தர் வார்ட்டன் 1930இல் ஏழையாகச் செத்தார். அவர் கல்லறைக்குப் பெயர் பொறித்த கல் வைக்க 1997 ஆனது. இனவெறியை எதிர்க்க 1993இல் தனி இயக்கமே தொடங்க வேண்டியிருந்தது. இன்றும் கறுப்பின வீரர்களைக் குரங்கு என்று கத்துகிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். லீக் வந்தால் சாதி ஒழிந்துவிடும் என்று நாங்கள் சொல்லவில்லை. கத்தியது யார் என்று நடுவர் எழுத ஒரு தாளும், விசாரிக்க ஓர் அமைப்பும், தண்டிக்க ஒரு விதியும் லீக்கில் உண்டு. கமிட்டியிடம் இருப்பது ஒரு மைக் மட்டும். அதே இங்கிலாந்தில், வில்லன்ஹால் என்ற ஊரில், பஞ்சாபிச் சீக்கியர்கள் 1991இல் தொடங்கிய ஸ்போர்ட்டிங் கால்சா என்ற கிளப் ஒவ்வொரு படியாக ஏறியிருக்கிறது. வெள்ளைக்கார அணிகள் அவர்கள் மைதானத்துக்கு வந்துதான் ஆட வேண்டும்.

என்ன செய்யலாம்?

கனவு மாதிரித் தெரியும். கணக்குப் போட்டுப் பார்த்தோம். மணலூர்பேட்டை, திருக்கோவிலூர், மூங்கில்துறைப்பட்டு, ரிஷிவந்தியம் பக்கமாக எட்டு அணிகள். கால்பந்தோ, கபடியோ, கைப்பந்தோ, எந்த ஆட்டம் என்பதை அணிகளே முடிவு செய்யட்டும். ஒவ்வோர் அணிக்கும் 14 ஆட்டம். ஏழு வீட்டில், ஏழு வெளியில். மொத்தம் 56 ஆட்டம். ஞாயிறுக்கு நான்கு வீதம் 14 ஞாயிறு. பொங்கல் முடிந்த வாரம் தொடங்கினால் அண்ணல் பிறந்தநாளை ஒட்டி முடியும். கரும்பு வெட்டுகிறவன், செங்கல் அறுக்கிறவன், கல்லூரிக்குப் போகிறவன் யாரும் ஒரு நாள் கூலியையோ ஒரு வகுப்பையோ விட வேண்டாம். அடுத்த வருடம் இரண்டாம் பிரிவு. கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கத்துப் பழங்குடிப் பிள்ளைகளின் அணிகளும் வர வேண்டும். அவர்கள் கீழே வந்து போகப் பேருந்துச் செலவை லீக் ஏற்க வேண்டும். கீழேயிருப்பவர்களும் மலையேறிப் போய் ஆட வேண்டும்.

பெண்கள் பிரிவு முதல் வருடத்திலிருந்தே வேண்டும். பிறகு பார்க்கலாம் என்று நாமே சொன்னால் நமக்கும் கமிட்டிக்கும் என்ன வித்தியாசம்? நம் தென்பெண்ணை கடலில் சேரும் கடலூரில்தான் இந்துமதி கதிரேசன் பந்தோடு வளர்ந்தார். இந்திய அணியின் நடுகளத்தில் ஆடினார். தமிழ்நாட்டு மகளிர் அணி 2018இலும் 2023இலும் தேசியச் சாம்பியன். ஆற்றின் அந்த முனையில் முடிந்தது இந்த முனையில் ஏன் முடியாது?

திடல் எங்கே என்பதுதான் மிச்சமிருக்கும் கேள்வி. அது நிலக் கேள்வி. பஞ்சமி நிலத்தையே விழுங்கியவர்கள் திடலை விடுவார்களா? ஊருக்குள் பள்ளி மைதானம் இருக்கிறது, நமக்கு ஆற்று மணலும் காய்ந்த ஏரியும்தான். 2024 டிசம்பரில் சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணை புரண்டு வந்த பிறகு அந்த மணல் திட்டும் பல இடங்களில் முன்பு இருந்த மாதிரி இல்லை. அரசு 12,525 ஊராட்சிகளுக்கு கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பு அறிவித்தது. நல்ல திட்டம். உங்கள் ஊராட்சியில் அந்தப் பை யார் வீட்டு அறையில் இருக்கிறது என்று விசாரித்திருக்கிறீர்களா? மட்டை வந்துவிட்டது, திடல் வரவில்லை.

எனவே மாணவத் தோழர்களுக்கு நான்கு வேலைகள். ஒன்று, உங்கள் ஊராட்சியில் விளையாட்டுத் திடல் எத்தனை சென்ட், எந்தச் சர்வே எண், பராமரிப்பு யார், உபகரணம் யாரிடம் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். இரண்டு, சேரியை ஒட்டிய புறம்போக்கைத் திடலாக்க கிராம சபையில் தீர்மானம் கொண்டுவாருங்கள். 2024ஆம் ஆண்டின் ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டச் சட்டத்தின் நிதியிலிருந்து அதைக் கேளுங்கள். மூன்று, அரசுப் பணத்தில் பராமரிக்கும் எந்தப் பொது இடத்திலும் சாதியைச் சொல்லித் தடுக்கக் கூடாது என்கிறது அரசியல் சட்டத்தின் 15(2), பொது இடங்களைப் பட்டியல் சாதியினர் மற்றவர்க்குச் சமமாகப் பயன்படுத்துவதைத் தடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 3(1)(இசட்.ஏ) பிரிவில் குற்றம். பள்ளி மைதானத்தில் நடக்கும் போட்டியில் உங்கள் அணியை மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். நோட்டீஸைப் படம் எடுத்து வையுங்கள். நான்கு, ‘ரெண்டு பேர அனுப்புங்க’ என்று கேட்டால் அனுப்பாதீர்கள். வந்தால் பதினொரு பேரும் வருவோம், நாங்கள் வைத்த பெயரில் வருவோம் என்று சொல்லுங்கள்.

நான்காவதுதான் கஷ்டம். அந்த ஐந்நூறு ரூபாய்க்கு வீட்டில் தேவை இருக்கும். கோப்பையைத் தொட்டுப் பார்க்கும் ஆசையும் இருக்கும். அந்தத் தம்பி மறு வருடமும் போனான். நாங்கள் திட்டவில்லை. இந்தத் தையில் மறுபடி ஆள் வந்தபோது அவன் சொன்ன பதிலை எங்களுக்கு அவனே போனில் சொன்னான்: “டீமா கூப்புடுங்க, வர்றேன். கோப்பைய நம்ம தெரு வரைக்கும் எடுத்துட்டு வரணும்.” கூப்பிடவில்லை. ஆற்றுத் திருவிழாவுக்கு நடந்த போட்டியில் அவன் ஆடவில்லை. அதே நாளில் சேரியை ஒட்டிய கருவேலங்காட்டில் பத்துப் பேரைச் சேர்த்துக்கொண்டு முள் வெட்டிக்கொண்டிருந்தான். சர்வே எண்ணை வாங்கிக் கொடுப்பது நம் வேலை.

ஜெய் பீம்.